மூன்றாவது விசில்

ஜனவரி 16, வியாழன். காணும் பொங்கல்.

இந்த டைரி ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலம், நல்ல நேரம் அச்சிட்டிருக்கிறார்கள். நான் எந்த வருடமும் நாலு நாளுக்கு மேல் டைரி எழுதியதாகச் சரித்திரம் இல்லை. இந்த வருடம் எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால் நேற்று மாமனார் வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, வாணி எனக்கு இரண்டாவது விசில் கொடுத்துவிட்டாள்.

விவரமாக எழுதிவிடுகிறேன், பின்னால் படித்தால் எனக்கே புரியாமல் போகும். நாலு வருடம் நான் பெங்களூரில், வாணி கோயமுத்தூரில். சனிக்கிழமை பஸ் ஏறி வருவேன், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போவேன். போன ஆகஸ்டில், சொந்தமாக ஆப் செய்து பிழைத்துக்கொள்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்தேன். வாணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், காலையிலேயே போய்விடுவாள். சமையல் என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் மூழ்கிக்கொண்டே குக்கர் விசிலை எண்ணியதில் ஒரே வாரத்தில் மூன்று முறை பருப்பு கருகியது.

அப்படிப் பிறந்ததுதான் 'எத்தனையாச்சு'. ஃபோனை அடுப்பு மேடையில் வைத்தால் போதும். அது காதைத் தீட்டிக்கொண்டு விசிலை எண்ணும். ஒவ்வொரு விசிலுக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்லும், அதிரும், திரையில் காட்டும்; கேட்ட எண்ணிக்கை வந்ததும் கத்தும். எந்த வீட்டிலும் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகிற கேள்வி அதுதானே என்று அந்தப் பெயரையே வைத்தேன்.

வாணி அன்றே சொல்லிவிட்டாள். "உங்களுக்கு மூணு விசில் மாமா. மூணாவது வந்தா நான் எறக்கிருவேன்." முதல் விசில் தீபாவளி. இரண்டாவது பொங்கல். மூன்றாவது மார்ச் 31. அதற்குள் ஆப்பிலிருந்து மாதாமாதம் வீட்டு வாடகை அளவாவது வர வேண்டும். இல்லையென்றால் மறுபடி பெங்களூர், மறுபடி சனிக்கிழமை பஸ். இப்போது சந்தாவில் வருகிற பணம் வாடகை வீட்டின் வாசக்கதவுக்குக்கூடக் காணாது.

"என்னங் மாப்ள, எதோ விசிலுங்கறா?" என்று மாமனார் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங் மாமா, வடை வருதுங்க" என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஒரு நட்சத்திரம்! பொள்ளாச்சியிலிருந்து தமயந்தி என்று ஒருவர். அப்படியே எழுதி வைக்கிறேன்: "இந்த ஆப் பொய் சொல்கிறது. நேற்று ஆறு விசில் என்றது. இறக்கினேன். கொண்டைக்கடலை கல். ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே எதுவும் இல்லாததால் ஒன்று கொடுத்திருக்கிறேன்."

வாணியிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நல்லா எழுதறாங்களே" என்றாள். என் மனைவி யார் கட்சி என்று தெரியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

எங்கே வைத்துச் சமைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் நடத்துகிறாராம். அடடா! கண்டக்டர் விசில்! ஆப் அத்தனை கண்டக்டர்களையும் குக்கர் என்று எண்ணியிருக்கிறது.

கண்டுபிடித்த குஷியில் கொஞ்சம் நக்கலாகவே பதில் போட்டேன். "மேடம், கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருந்தால், வந்தது குக்கரா கண்டக்டரா என்று உங்களுக்கே தெரிந்திருக்குமே!"

பத்தே நிமிடத்தில் பதில்: "காது கொடுத்துக் கேட்க முடிந்தால் உங்கள் ஆப் எனக்கு எதற்குத் தம்பி?"

நியாயம்தான். கூட்டம் வருகிற நேரத்தில் மெஸ் அடுப்படியில் யாருக்கு என்ன கேட்கும்!

ஜனவரி 23, வியாழன்

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு ஃபோனோடு போனேன். பொள்ளாச்சி வண்டிகள் புறப்படுகிற இடத்தில் தூணோரம் நின்று கண்டக்டர்களின் விசிலைப் பதிவு செய்தேன். ஒன்றரை மணி நேரத்தில் ஆப் நாற்பத்தாறு விசில் எண்ணிவிட்டது. அது குக்கராக இருந்திருந்தால் கடலை இந்நேரம் ஆவியாகியிருக்கும்.

ஒரு கண்டக்டர் வந்து மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, ரொம்ப நேரமா நிக்கறீங்க, எந்த ஊருக்குங்க?"

"ஊருக்கில்லீங்க. உங்க விசில் சத்தம் எடுக்க வந்தனுங்க. குக்கருக்கு."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நெஞ்சை நிமிர்த்தி நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு ஊதிக் காட்டினார். "போதுங்களா, இன்னொண்ணு ஊதட்டுங்களா?" என்றார். பெங்களூர் ஆபீசில் எட்டு மாதம் சேர்ந்தாற்போல் செய்த வேலையில்கூட எனக்கு இப்படிச் சந்தோஷம் வந்ததில்லை.

ஜனவரி 30, வியாழன்

கண்டக்டரும் குக்கரும் பிரிந்துவிட்டார்கள். புதுப் பதிப்பு போட்டாயிற்று. பொள்ளாச்சி அம்மையார் உடனே அடுத்த பட்டியலை அனுப்பிவிட்டார். அதிர்வு போதவில்லையாம், ஃபோனை முந்தானையில் முடிந்துகொண்டு வேலை செய்கிறாராம், இடுப்பில் இடித்துச் சொல்ல வேண்டுமாம். எண் பெரிதாகத் திரை முழுக்கத் தெரிய வேண்டுமாம். தப்பாக எண்ணிவிட்டால் ஒன்றைக் கழிக்க ஒரு பொத்தான் வேண்டுமாம்.

கழித்தல் பொத்தானா! வந்த விசிலை வரவில்லை என்று யார் சொல்லப் போகிறார்கள்? வாணியிடம் புலம்பினேன்.

"கணக்கு டீச்சர் சொல்றனுங்க, கூட்டல் இருந்தாக் கழித்தலும் வேணும்" என்றாள்.

பேசினால் சுலபமாக இருக்குமே என்று, பட்டியல் வந்த எண்ணுக்கே ஃபோன் செய்தேன். எடுத்தார், உடனே வைத்துவிட்டார். மறுபடி செய்தேன், மறுபடி வைத்துவிட்டார். பிறகு ஒரு செய்தி: "எழுதுங்கள்." அப்பப்பா, என்ன மிடுக்கு!

பிப்ரவரி 3, திங்கள்

இன்று யாரும் திட்டவில்லை. கவலையாக இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

வாணி இன்று முதல் சனி, ஞாயிறு டியூஷன் எடுக்கிறாள். ஒன்பது பிள்ளைகள். பொழுது போகவில்லையாம். ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிவிட்டு, மிச்ச இரண்டு நாள் பொழுது போகாமல் மறுபடி கணக்கு! அவளுக்குக் கணக்கு மேல் அப்படி ஒரு பிரியம். மளிகைக்கடைக்கும் இந்த மாதம் அவளே போய் வந்துவிட்டாள். எனக்கு ஒரு நடை மிச்சம்.

கழித்தல் பொத்தான் வைத்துவிட்டேன். சும்மா, ஒரு வம்புக்குத்தான். சிவப்பாக, மூலையில்.

பிப்ரவரி 14, வெள்ளி

கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் நான் குதித்துக்கொண்டே எழுதுவதுதான்.

தேன்சுடர் குக்கர் கம்பெனியிலிருந்து நவநீதன் என்ற மேனேஜர் கூப்பிட்டார். அவினாசி ரோட்டில் ஏசி அறை, பிஸ்கட், இரண்டு ரவுண்டு காபி. என் ஆப்பில் அவர்கள் விளம்பரம் போட வேண்டுமாம். அதற்கு மாதாமாதம் கொடுப்பதாகச் சொன்ன தொகை வாடகையைவிட அதிகம். அதிகம்! ஒவ்வொரு விசிலுக்கும் பன்னிரண்டு விநாடி திரை முழுக்க அவர்கள் விளம்பரம் ஓடும். முடிந்ததும் எண் வரும். அவ்வளவுதான். மார்ச் 24 கையெழுத்து.

"எண் பின்னால வந்தாப் பரவால்லீங்களா?" என்று வாணி கேட்டாள்.

"அதான் ஃபோன் வாய்விட்டுச் சொல்லுமே வாணி, ரெண்டு, மூணுன்னு."

"அப்பச் சரி. விசில் வரதுக்குள்ளயே வெந்துருச்சு போங்க" என்றாள். நான் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியதில் கரண்டி ஸ்டாண்டு கீழே விழுந்தது. கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 8, சனி

விளம்பரத்தோடு சோதனைப் பதிப்பு தயார். சேலை கட்டிய ஒரு பெண் குக்கரைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறாள். குக்கர் சூடாக இருக்காதா என்று எனக்கு ஒரு சந்தேகம், கேட்கவில்லை. இருபது பேருக்கு அனுப்பியிருக்கிறேன். பொள்ளாச்சி அம்மையாருக்கும்தான். குற்றம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மார்ச் 10, திங்கள்

அம்மையாரிடமிருந்து: "இன்று அறுபது பேர் சாப்பாட்டுக்குப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இடுப்பில் அதிர்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். ஒருத்தி குக்கரைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எண் எங்கே? அவள் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த குக்கர், மறுபடி அவளே. நான் எதை எண்ண?"

ஃபோன் எண்ணை வாய்விட்டுச் சொல்கிறதே மேடம், என்று எழுதினேன். "அது எனக்கு எதற்கு?" என்று ஒரே வரி.

இது முறையில்லை. அறுபது பேர் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்து, ஃபோனில் எதைச் சரியாக வைக்கவில்லை என்று கற்றுக்கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வாணியும் டியூஷனை ஒரு நாள் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள்.

மார்ச் 16, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது!

பொள்ளாச்சி போய்ச் சேரும்போது மணி பதினொன்று. மெஸ்ஸின் பின்பக்கம் அடுப்படி, பெரிய குக்கர்கள் நாலு. ஐம்பது, ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர், முதுகைக் காட்டிக்கொண்டு தாளித்துக்கொண்டிருந்தார். முந்தானையில் ஃபோன் முடிச்சு தெரிந்தது. ஆள் இவர்தான்.

"அம்மா" என்றேன். திரும்பவில்லை. "அம்மாங்க!" திரும்பவில்லை. "தமயந்தி அம்மா, நான் கோயமுத்தூருங்க, ஆப்புக்காரனுங்க!" என்று கத்தினேன். என்ன மிடுக்கு பார் என்று வாணியிடம் கண்ணைக் காட்டினேன்.

கல்லாவிலிருந்து அவர் தங்கை எழுந்து வந்தார். "எத்தன கூப்புட்டாலும் திரும்பாதுங்க. முன்னால போயி நில்லுங்க. எட்டு வயசுல காச்ச வந்து அக்காவுக்குக் காது போயிருச்சுங்க."

காது கொடுத்துக் கேட்டிருந்தால், காது கொடுத்துக் கேட்டிருந்தால் என்று நான் எழுதியதே திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடியது. அப்படியே நழுவி பஸ் ஏறிவிடலாம் என்று பார்த்தேன். வாணி சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னால் போய் நின்று ஃபோனில் ஆப்பைக் காட்டினேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கையைத் துடைத்தார். பில் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கம் எழுதினார்: "காது கொடுக்கச் சொன்ன தம்பி நீதானா?"

தலையை ஆட்டினேன். அவர் உள்ளங்கையை நீட்டினார். எனக்கு விளங்கவில்லை. இன்னொரு வார்த்தை எழுதிக் காட்டினார்: "கொடு."

எழுதிவிட்டு அவரே சிரித்த சிரிப்பில் கரண்டி கைதவறிக் கடாயில் விழுந்தது. தங்கை சிரிக்க, வாணி சிரிக்க, இலை போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எதற்கென்று தெரியாமலே சிரிக்க, நானும் சிரித்தேன். பக்கத்தில் யாரோ வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தங்கைதான் மிச்சத்தைச் சொன்னார். "அக்கா வீட்டு மாமா இருந்த வரைக்கும் அவருதானுங்க வாசப்படில நின்னு வெரலக் காட்டுவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. போன ஆடில தவறிட்டாரு. மெஸ்ஸ மூடிரலாம்னுதான் இருந்தமுங்க. அப்பறம் உங்க ஆப்பு கெடைச்சுது. அக்கா உங்களத் திட்டாத நாளில்லீங்க. ஆனா மூடலீங்க."

மாலை வரைக்கும் அங்கேயேதான் இருந்தோம். நாலு குக்கருக்கும் நாலு குரல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஆப்புக்குப் பழக்கினேன். சாம்பார்ப் பருப்பு மஞ்சள், கூட்டு பச்சை, கடலை நீலம், சாதம் வெள்ளை என்று திரையில் நிறம் வரும், நடுவில் பெரிய எண். நான் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வாணி வாசப்படியில் நின்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பவில்லை. சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். நான் மூன்று முறை ரசம் வாங்கினேன்.

திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டுகிற வரைக்கும் வாணி விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு, "அந்தக் குக்கரக் கட்டிப்புடிக்கற பொம்பளய எனக்குப் புடிக்கலீங்" என்றாள்.

"மாசாமாசம் வாடகை வருது வாணி."

"ஆமாங்" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்

கையெழுத்துப் போடப் போனேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டேன். "முதல்ல எண்ணைக் காட்டிட்டு அப்புறம் விளம்பரம் போடலாங்களா? அரை நிமிஷம் வேணும்னாலும் ஓடட்டும். எண் மட்டும் முந்திக்கணும்."

நவநீதன் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். "எண்ணைப் பார்த்ததும் எல்லாரும் ஃபோனக் கீழ வெச்சிருவாங்க சார். எண்ணுக்குக் காத்திருக்கற அந்தப் பன்னெண்டு செகண்டுக்குத்தான் நாங்க பணமே தரோம்."

பேனாவை மூடி அவரிடமே கொடுத்தேன். "அந்தப் பன்னெண்டு செகண்டு என்னுது இல்லீங்க. ஒருத்தர் முந்தானைல முடிஞ்சு வெச்சிருக்கார்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்கே வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கரும்புச்சாறு கடையில் இரண்டு டம்ளர் குடித்தேன். பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடைக்காரர் இன்னொரு டம்ளர் போடட்டுமா என்றார்.

வாணியிடம் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன். இன்றைய பக்கத்தில் நல்ல நேரம் முடிந்துவிட்டது.

மார்ச் 25, செவ்வாய்

இன்றைக்கும் நல்ல நேரம் சரியில்லை.

மார்ச் 26, புதன்

பெங்களூர் ஆபீசில் கூட வேலை பார்த்த பிரசாத்துக்கு மெயில் போட்டேன், என் பழைய நாற்காலி காலியா என்று. சந்தோஷமாகத்தான் போட்டேன். பெங்களூரில் வெயில் குறைவு. ஆபீஸ் காபி இலவசம். சனிக்கிழமை பஸ்ஸில் நல்ல பாட்டாகப் போடுவார்கள். வேறு என்ன, அங்கே குக்கர் வைக்கிற வேலை இல்லை. சந்தோஷம்தான்.

மார்ச் 29, சனி

காலையிலிருந்து ஃபோன் நிற்கவில்லை. அம்மையார், தன்னோடு காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் குழுவில் ஆப்பைப் போட்டுவிட்டிருக்கிறார். ஈரோடு, தஞ்சாவூர், தூத்துக்குடி, சிவகாசி என்று ஊர் ஊராகப் புகார்! பச்சையும் நீலமும் ஒன்றுபோல் தெரிகிறதாம். பழைய குக்கர் விசில் அடிக்காமல் சீறுகிறதாம், அதை எப்படி எண்ணும் என்று ஒருவர். பால் பொங்கினால் சொல்லுமா என்று இன்னொருவர். திட்டிக்கொண்டே வருடச் சந்தா கட்டுகிறார்கள். கட்டிவிட்டு மறுபடி திட்டுகிறார்கள். நான் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, தலைகால் புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மையார் நட்சத்திரத்தை மாற்றியிருக்கிறார். இரண்டு! கீழே எழுதியிருக்கிறார்: "தம்பி வந்தார், சரிசெய்தார். அன்று அடிப்பிடித்த பருப்புக்காக மூன்று நட்சத்திரம் பிடித்து வைத்திருக்கிறேன்."

சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு வகுத்தால் வாடகையில் பாதி வருகிறது. பாதிதான். என் மனைவி கணக்கு டீச்சர்.

மார்ச் 31, திங்கள்

மூன்றாவது விசில் நாள்.

பிரசாத் பதில் போட்டிருந்தான். முழு நேரத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாராம். ஆனால் வாரம் இரண்டு நாள் வேலை உண்டு, கோயமுத்தூரிலிருந்தே செய்யலாம் என்கிறான். அதில் இன்னொரு பாதி தேறும். ஆனாலும் வாணி சொன்னது ஆப்பிலிருந்து வாடகை. அவள் பேச்சில் அரை மதிப்பெண் எல்லாம் கிடையாது.

வாணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது நான் பருப்புக்குக் குக்கர் வைத்திருந்தேன். ஃபோன் மேடைமேல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நவநீதனை, பேனாவை, பாதி வாடகையை, பிரசாத்தை. முதல் விசில் அடித்தது. திரையில் ஒன்று.

"தெரியுமுங்க" என்றாள். "நீங்க ஃபோன எடுக்கலீன்னு அந்த நவநீதன் எனக்குக் கூப்புட்டாரு. உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்காராங்கன்னு கேட்டாரு."

"எப்போ?"

"போன திங்கக்கெழமையே. எப்பத்தான் சொல்வீங்கன்னு பாத்துட்டிருந்தன்." இரண்டாவது விசில். திரையில் இரண்டு. "டியூசனு பொழுதுபோக்குக்குன்னு நெஜமாவே நம்பிட்டீங்களா மாமா?"

ஒன்பது பிள்ளைகள், மளிகைக்கடை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் ஆப்போடு ஓட்டிய இந்த இரண்டு மாதத்துக்கு அவள் சனி, ஞாயிறைக் கொடுத்திருக்கிறாள். நான் அதை டைரியில் அவளுக்குக் கணக்கு மேல் பிரியம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"ரெண்டு நாளு பிரசாத்துக்குச் செய்யுங்க. மிச்ச நாளு பொள்ளாச்சி அம்மாவுக்குச் செய்யுங்க. டியூசன நான் நிறுத்தறதா இல்ல. ஒரு பையன் பின்னக் கணக்கப் பாத்தா அழுதுட்டிருந்தான், இப்பச் சிரிக்கறான்" என்றாள்.

"ஆனா இன்னைக்கி மூணாவது…" என்று நான் ஆரம்பித்தேன்.

மூன்றாவது விசில் அடித்தது. நீளமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். ஃபோன் மேடைமேல் கிடந்து குதித்தது. திரை முழுக்க மூன்று.

வாணி கையைத் துடைத்துக்கொண்டு போனாள். மூலையிலிருந்த சிவப்புப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாள். மூன்று இரண்டானது.

"ரெண்டுதானுங் மாமா ஆச்சு" என்றாள். "அது கண்டக்டர் விசிலு."

எங்கள் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நாலு கிலோமீட்டர். பருப்பு கொஞ்சம் குழைந்துவிட்டது. இருவரும் இரண்டு முறை போட்டுக்கொண்டோம்.